மலைப்பாதையும் பற்சக்கரமும்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் மோட்டார் வண்டியின் உயிர்நிலை அதன் கியர்ப்பெட்டியே. ஏற்றத்தில் இயந்திரத்தின் இழுவலிமையைப் பெருக்குவதும், இறக்கத்தில் வேகத்தை அடக்கி பிரேக்குகளைச் சூடேறாமற் காப்பதும் கீழ்க் கியரின் தொழில்.

1891 அளவில் பிரான்சின் பனார்–லெவாசோர் நிறுவனத்தார் அமைத்த நகரும் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று மோதி அலறின. 1928இல் கடிலாக் வண்டியில் வந்த சின்க்ரோமெஷ் முறை அம்மோதலைத் தணித்தது. பற்கள் கூடுமுன் உராய்வினால் இரு பகுதிகளின் வேகமும் சமமாகும். இதுவே அதன் நுட்பம்.

1934இல் நுவரெலியாவின் மகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் தொடங்கிற்று. விரைவு வண்டிகள் நம் மலைநாட்டிற் பெயர் பெற்றன. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகவே, பழைய வண்டிகளைக் காக்கும் பொறுப்பு நம் கைவினைஞரைச் சேர்ந்தது. அவர்கள் பெட்டியைக் கழற்றி, தேய்ந்த பித்தளை வளையங்களையும் பெயரிங்குகளையும் மாற்றினர். இயலாதவிடத்து வேறொரு வண்டியின் பெட்டியைப் பொருத்தினர்.

ஆயினும் பெட்டி பொருந்தினாற் போதாது. அதன் பல்விகிதம் மலைக்கு இசைய வேண்டும். சமவெளிக்குரிய விகிதமாயின் கீழ்க் கியரும் இறக்கத்தில் வண்டியைத் தாங்காது. விரைவுக்கென வளர்ந்த கலை, ஊவா மலைகளில் உயிர்காக்கும் கலையாயிற்று. அதை அறிந்த முதியோரிடம் இளைஞர் இன்றே கற்றுக்கொள்வது நன்று.