கிட்டியும் அண்ணாந்தாளும்
1855-ஆம் ஆண்டுச் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையும் காவற் சட்டமும்

முன்னுரை

அரசினரும் சட்டமன்றத்தினரும் அமைக்கும் விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளை வரலாற்று மாணவரும் வழக்கறிஞருமே பெரும்பாலும் படிப்பர். தமிழ் ஆராய்ச்சியாளரும் படித்தற்குரிய அறிக்கை ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் நடைபெற்ற சித்திரவதைகளை ஆராய்தற்பொருட்டு 1854-இல் அமைக்கப்பெற்ற குழு, 1855 ஏப்பிரல் 16-இல் அளித்த அறிக்கையே அது. ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அவ்வறிக்கையில் தமிழ்ச் சொற்கள் சில மொழிபெயர்க்கப்படாமல் அவ்வாறே நிற்கின்றன. கிட்டி, அண்ணாந்தாள் என்பன அவற்றுள் தலையாயவை. அக்குழு தோன்றிய வரலாற்றையும், அது கண்ட உண்மைகளையும், அதன் பின்னர் எழுந்த சட்டங்களையும் ஆராய்ந்து, முறையிட வந்த குடிகளின் குறையை அச்சட்டங்கள் எவ்வளவு தீர்த்தன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழு தோன்றிய வரலாறு

சென்னையில் 1844-ஆம் ஆண்டு முதல் ‘கிரசண்ட்’ என்னும் ஆங்கில இதழை நடத்தி வந்தவர் கசுலு இலட்சுமிநரசு செட்டியார் (1806-1868). 1852-இல் தோன்றிய சென்னைச் சுதேசிகள் சங்கத்திற்கு அவரே உயிர்நாடியாக விளங்கினார். கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆட்சியிற் கண்ட குறைகளை எடுத்துரைத்து அச்சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பம் விடுத்தது. வரி தண்டுவோர் குடிகளைத் துன்புறுத்துகின்றனர் என்பது அவ்விண்ணப்பத்திற் கூறப்பெற்ற குறைகளுள் ஒன்று. நாடாளுமன்ற உறுப்பினராகிய டான்பி சீமோர் 1853-இல் சென்னைக்கு வந்தபோது, செட்டியார் அவரை உள்நாட்டுப் பகுதிகளுக்கு அழைத்துச் சென்று குடிகளின் நிலையை நேரிற் காணச் செய்தார்.

இதன் பயனாக 1854 சூலைத் திங்களில் இப்பொருள் பிரிட்டிஷ் மக்கள் மன்றத்தில் விவாதிக்கப்பட்டது. கும்பெனியின் சார்பில் நின்றோர் இக்குற்றச்சாட்டை நம்ப மறுத்தனர். உண்மையை ஆராய்ந்து காணுதல் அரசின் கடமையாயிற்று. ஹாரிஸ் பிரபு சென்னை ஆளுநராயிருந்த அக்காலத்தில், அவ்வாண்டு செப்டம்பரில் குழு அமைக்கப்பெற்றது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் மூவர் அதன் உறுப்பினர். இவர்களுள் நார்ட்டன் சென்னையிற் புகழ்பெற்ற வழக்கறிஞர். முதலில் வரி தண்டுதற்காகச் செய்யப்படும் சித்திரவதையை மட்டும் ஆராயுமாறு குழு பணிக்கப்பெற்றது. பின்னர், குற்ற ஒப்புதல் பெறுதற்காகக் காவல் துறையினர் செய்யும் சித்திரவதையும் அதனுடன் சேர்க்கப்பெற்றது. இவ்விரண்டும் பிரித்தற்கு இயலாதவை என்பது ஆராய்ச்சியின் போக்கில் தெளிவாயிற்று.

ஒரு கையில் இரு கோல்

அவை பிரித்தற்கு இயலாதவை ஆனமைக்குக் காரணம் 1816-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் உள்ளது. காரன்வாலிஸ் வகுத்த தாரோகா முறை சென்னையில் வெற்றி பெறவில்லை. ஆகவே தாமஸ் மன்றோவின் கருத்தைத் தழுவி, அவ்வாண்டில் காவற் பொறுப்பு நீதிபதியிடமிருந்து கலெக்டரிடம் மாற்றப்பட்டது. கலெக்டரே மாஜிஸ்டிரேட்டும் ஆனார். அவருக்குக் கீழ்த் தாசில்தாரே தாலுக்காவின் காவல் தலைவர். ஊரளவில் மணியக்காரரும் தலையாரியும் இரு பணிகளையும் ஒருங்கே பார்த்தனர். பழைய ஊர்க்காவல் முறையைப் பேணுதலும் செலவைக் குறைத்தலும் மன்றோவின் கருத்துகளாயிருந்தன.

ஆனால் ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வோர் உழவனிடமும் தனித்தனியே வரி தண்ட வேண்டியிருந்தது. கிஸ்தியைக் கேட்டு வரும் சேவகனே களவு வழக்கில் பிடித்துச் செல்லவும் வருவான். வரி கொடாதவனை வெயிலில் நிறுத்திய கச்சேரியிலேயே களவுக் குற்றம் சாட்டப்பட்டவனும் நிறுத்தப்பட்டான். ஒன்றிற் பழகிய கை மற்றொன்றிலும் அதனையே செய்தது.

சொற்கள் கூறும் சான்று

குழுவிடம் 1,959 முறையீடுகள் வந்தன. இவற்றுள் 519 பேர் நேரில் வந்து கூறினர். 1,440 பேர் எழுதியனுப்பினர். அக்காலத்தில் உள்நாட்டு உழவர் பலர்க்குச் சென்னைக்கு வருதல் என்பது பல நாள் நடத்தலும், வழிச்செலவும், வயல்வேலை கெடுதலும் ஆகும். அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு 519 பேர் வந்தனர் என்பதே அறிக்கையின் எப்பக்கத்தினும் வலிய சான்று எனலாம்.

குழுவினர் வதை முறைகளைப் பட்டியலிட்டபோது நாட்டு மொழிப் பெயர்களையே ஆண்டனர். கிட்டி என்பது விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கருவி. தெலுங்கில் அதற்குரிய பெயரையும் அறிக்கை தருகின்றது. கிட்டுதல் என்பது நெருங்குதல். பல் கிட்டித்தல் என்னும் வழக்கில் இறுகுதற்பொருளும் உண்டு. நெருக்கி இறுக்கும் கருவி கிட்டியாயிற்று என்று கொள்ளுதல் பொருந்தும்.

அண்ணாந்தாள் என்பது ஒருவனைக் குனிய வைத்து, அவன் ஆடையாலோ கயிற்றாலோ கழுத்தையும் கால்விரலையும் பிணைத்து விடுதல். அண்ணாத்தல் மேல்நோக்குதல்; தாள் கால். பழைய திண்ணைப் பள்ளிகளில் மாணவனுடைய காலைத் தூக்கிக் கழுத்தோடு கயிற்றாற் பிணைக்கும் தண்டனைக்கும் இப்பெயரே வழங்கியது. சொல்லின் பொருள் பள்ளித் தண்டனைக்கே நன்கு பொருந்துகின்றது. கச்சேரியிலோ தலை மேல்நோக்காது தாழ்ந்தது. எனினும் கழுத்துக்கும் காலுக்கும் இடையே கயிறு பிணித்தல் இரண்டற்கும் பொது. எனவே பெயர் பள்ளியிலிருந்து கச்சேரிக்குச் சென்றிருத்தல் கூடும் என ஊகிக்க இடமுண்டு.

ஒரு செயல் அரிதாக நிகழுமாயின் அதனை நீண்ட தொடரால் விளக்குவர். அடிக்கடி நிகழுமாயின் அதற்குத் தனிப்பெயர் அமையும். கிட்டியும் அண்ணாந்தாளும் விளக்கம் வேண்டாமலே குடிகளுக்கும் சேவகர்க்கும் விளங்கிய பெயர்கள். சித்திரவதை சிற்சில தீயோரின் செயல் அன்று, நாள்தோறும் நடந்த வழக்கம் என்பதற்கு இச்சொற்களே கரி.

குழு கண்டதும் காணாததும்

வரி தண்டுதற்குச் சித்திரவதை பொதுவாக வழங்குகின்றது என்னும் முடிவிற்குக் குழு அஞ்சாது வந்தது. அதனினும் பெரிதாகத் தம் உள்ளத்தை வருத்தியது, துன்புற்றோர் நீதி பெறுதற்கு உள்ள அருமையே என்றும் அவர்கள் எழுதினர். கலெக்டரிடம் விண்ணப்பிப்பவன் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். விண்ணப்பமோ, எவர்மீது முறையிட்டானோ அத்தாசில்தாருக்கே விசாரிக்குமாறு அனுப்பப்பட்டுத் திரும்பும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் மாஜிஸ்டிரேட் விதிக்கக் கூடியது 50 ரூபாய் அபராதம் அல்லது ஒரு திங்கள் சிறையே. அதற்கு மேல் வேண்டுமாயின் வழக்கை மேல்நீதிமன்றத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

இவ்வளவும் கண்ட குழு, பழியைப் பகுத்தளிக்கும் இடத்தில் தளர்ந்தது. ஐரோப்பிய அதிகாரிகள் இக்கொடுமைக்கு உடந்தையாயிருந்தனர் என்பதற்குச் சான்றில்லை என்றும், குடிகள் தம் நாட்டவராகிய கீழ்நிலை அலுவலரிடமிருந்தே காவல் வேண்டுகின்றனர் என்றும் அது கூறியது. வரித்தொகையை வகுத்தவர் யார், அது குறைந்தால் தாசில்தாரைக் கடிந்தவர் யார் என்னும் வினாக்கள் அதனால் அமுங்கின. 1857-இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இவ்வறிக்கையை எடுத்துக்காட்டி எழுதியபோது, இக்கொடுமைக்கு ஆட்சியினரே பொறுப்பு என்னும் கருத்தை வற்புறுத்தினார்.

சட்டங்களின் பிறப்பு

அறிக்கை வீண்போகவில்லை. காவலைச் சீர்திருத்துமாறு 1856 செப்டம்பரில் கும்பெனி இயக்குநர்கள் எழுதினர். 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் சென்னை மாகாணத்திற்குத் தனிக் காவற்படையை அமைத்தது. வில்லியம் ராபின்சன் அதன் தலைவரானார். இந்தியா முழுமைக்கும் 1860-இல் அமைக்கப்பெற்ற காவற் குழுவில் ராபின்சனும் இடம் பெற்றார். அதன் பயனாக 1861-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் பிறந்தது. சென்னைச் சட்டமோ பிற்காலத்தில் தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்று பெயர் மாறி நிலைத்தது.

1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைத் தொகுப்பின் 330-ஆம் பிரிவு, குற்ற ஒப்புதல் பெறுதற்காக ஒருவனை வருத்துதலை ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. வதை செய்யும் காவலனோடு, வரிப்பாக்கிக்காக வதை செய்யும் வரி அலுவலனும் அதன் எடுத்துக்காட்டுகளில் நிற்கின்றான். ஆயினும் இத்தொகுப்பின் வரைவு 1837-லேயே உருவாயிற்றாதலின், இப்பிரிவைச் சென்னைக் குழுவின் நேர்விளைவு என்றல் பொருந்தாது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. புதிய காவற் சட்டம் வந்த அதே 1861-இல் இயற்றப்பெற்ற குற்றவியல் நடைமுறைத் தொகுப்பு, காவல் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் சான்றாகாது என விதித்தது. 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் இதனை 25, 26-ஆம் பிரிவுகளில் ஏற்றது. தாம் படைத்த காவற்படையைச் சட்டம் இயற்றியோரே முழுதும் நம்பவில்லை என்பது இதனாற் புலனாகும். எனினும் 27-ஆம் பிரிவு, ஒப்புதலின் வாயிலாகப் பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால் அதனைச் சார்ந்த பகுதியை ஏற்கலாம் என்றது. முன்வாயிலை அடைத்தவர் புழக்கடை வாயிலைத் திறந்து வைத்தனர். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சான்றுச் சட்டத்திலும் இம்மூன்று விதிகளும் 23-ஆம் பிரிவாக ஒருங்கே நிற்கின்றன.

முடிவுரை

குழு இரண்டு நோய்களைக் கண்டது. வரியும் காவலும் ஒரு கையில் இருந்தமை ஒன்று. குற்றம் சாட்டப்பட்ட அலுவலனிடமே முறையீடு திரும்பியமை மற்றொன்று. முதல் நோய்க்கு 1859-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தாயிற்று. இரண்டாவதற்கு அச்சட்டம் மருந்து கூறவில்லை. வரிக்காகச் செய்யப்பட்ட வதை காலப்போக்கில் அருகியது. ஒப்புதலுக்காகச் செய்யப்படும் வதையோ இடம் மாறி நிலைத்தது. 1902-03-இல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் ஆராய்ந்த காவற் குழுவும் காவல் துறையில் ஊழலும் கொடுமையும் உள்ளன என்றே எழுதிற்று.

கிட்டி என்னும் சொல்லுக்கு இன்று இப்பொருளை அகராதி பார்த்தே அறிய வேண்டியுள்ளது. சொல் மறைந்தவுடன் செயலும் மறைந்துவிட்டது என்று கொள்ளுதல் ஆகாது. காவலைப் பற்றி ஆராயும் எக்குழுவின் அறிக்கையையும் ஒரு வினாவால் அளந்தறியலாம்: அடிபட்டவன் எவரிடம் சென்று முறையிடுவான்? அவ்விடம் அடித்தவனுடைய கச்சேரியாக இல்லாமற் செய்வதே, 1854-இல் சென்னையை நோக்கி நடந்து வந்த அவ்வுழவர்க்குச் செலுத்தத்தக்க கடன் ஆகும்.