பேட்டைக்கு ஓர் இதழ்

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது, சோழரின் கடற்படையோ பல்லவரின் குடைவரையோ என் நினைவிற்கு வரவில்லை. எண்ணெய்க் கறை படிந்த செய்தித்தாள் ஒன்றே நினைவிற்கு வந்தது. தலைநகருக்கு நான் குடிபெயர்ந்த தொடக்க ஆண்டுகளில், மயிலாப்பூரிலிருந்து என் தமக்கையார் அனுப்பும் முறுக்கும் தட்டையும் அப்பகுதியின் இலவச வார இதழில் பொதியப்பெற்று வரும். தின்பண்டம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும்; தாளை வாரக்கணக்கில் வைத்துப் படிப்பேன். எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடப்பெற்றதா என்பதை நாட்டின் பெரிய நாளிதழ் எதுவும் எனக்குச் சொன்னதில்லை. அந்தத் தாள் சொல்லிற்று.

பெருநகரின் ஒரு பேட்டைக்கென்றே வெளிவரும் இத்தகைய இதழ்களை நேற்று முளைத்த புதுமை என்று கருதுவோர் பலர். உண்மையை நோக்கின், இந்தியாவில் செய்தித்தாள் பிறந்ததே ஏறத்தாழ இவ்வடிவில்தான். 1780-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கல்கத்தாவில் ஹிக்கி என்பார் தொடங்கிய இதழும், 1785-இல் சென்னையில் தோன்றிய ‘மெட்ராஸ் கூரியர்’ இதழும் வார இதழ்களே. அவற்றின் உலகம் கோட்டையும் அதனையடுத்த ஐரோப்பியர் குடியிருப்புமாகும். எந்தக் கப்பல் வந்தது, எவருடைய வீட்டுப் பொருள்கள் ஏலத்திற்கு வருகின்றன என்பன போன்ற செய்திகளுக்கே அவற்றில் முதலிடம். கோட்டை மதிலுக்கு அப்பால் வாழ்ந்த தமிழருக்கும் தெலுங்கருக்கும் அங்கே இடம் மிகக் குறைவு. சிறிய வட்டத்திற்கு எழுதப்பெறும் இதழில், அவ்வட்டத்திற்கு வெளியே நிற்பவன் கண்ணிற்படுவதில்லை. இக்குறையைப் பின்னரும் காண்போம்.

நம்மவர் தொடங்கிய இதழ்களுள் பெரும் புகழ் பெற்ற ‘இந்து’வும் ஒரு பேட்டையின் பிள்ளைதான். திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசி வந்த இளைஞர் அறுவர், அவருள் ஜி. சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள், ஏனைய நால்வர் சட்டம் பயின்ற மாணவர்கள். தி. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பெற்றதை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் இகழ்ந்து எழுதின. அதற்கு விடையிறுக்க வேண்டுமென்ற துடிப்பில் 1878 செப்டம்பர் 20-ஆம் நாள் இவர்கள் ஒரு வார இதழை வெளியிட்டனர். தங்கசாலைத் தெருவில் ஓர் அச்சகம், எண்பதே படிகள், படியொன்றின் விலை நான்கு அணா. கையிலிருந்த முதலோ ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. இன்று அத்தொகையைக் கேட்டு நகைப்போம். ஆயின், அந்த எண்பது படிகளைப் படித்தவர்கள் எழுதியவர்களைத் தெருவில் கண்டு கேள்வி கேட்கக் கூடியவர்களாயிருந்தனர் என்பதை மறத்தலாகாது. பேட்டை இதழின் உயிர்நிலை அதுவே.

அவ்விதழ் 1883-இல் வாரம் மும்முறையும் 1889-இல் நாள்தோறும் வெளிவரலாயிற்று. 1882-இல் வார இதழாகத் தோன்றிய ‘சுதேசமித்திரன்’ 1899-இல் நாளிதழாயிற்று. இது வளர்ச்சிதான், ஐயமில்லை. ஆனால் புகைவண்டியேறித் தென்கோடிவரை செல்லும் இதழ், தான் பிறந்த தெருவைப் பற்றி எத்துணை வரி எழுத இயலும்? நாட்டு விடுதலை பெரிதா, திருவல்லிக்கேணியின் குடிநீர்க் குழாய் பெரிதா என்று கேட்டால், நாட்டு விடுதலைதான். குழாயின் செய்தி அந்நிலையில் பின்பக்கத்து மூலைக்குச் சென்றது. விடுதலை வந்த பின்னரும் அது முன்பக்கத்திற்குத் திரும்பவில்லை.

இதற்கிடையே நகரம் விரிந்தது. 1920-களில் மாம்பலத்தின் பேரேரி தூர்க்கப்பெற்றுத் தியாகராய நகர் எழுந்தது. 1968-இல் வாணிகக் கண்காட்சி நடந்த நிலப்பரப்பு அண்ணா நகராயிற்று. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 2011-இல் 426 சதுர கிலோமீட்டராகி, 200 வட்டங்களாகப் பகுக்கப்பெற்றது. இவ்வட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சிற்றூரையொத்த மக்கள் தொகை உண்டு. சிற்றூரில் நடப்பதெல்லாம் அங்கும் நடக்கும். அவற்றை எழுதுவார்தாம் இல்லை.

அவ்விடத்தை நிரப்ப முன்வந்தவை 1990-களின் இதழ்கள். 1991-இல் எஸ். முத்தையா ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்னும் திங்களிருமுறை இதழைத் தொடங்கி, நகரின் பழங்கட்டடங்களையும் மரபையும் காக்கக் குரல் கொடுத்தார். அது நகரம் முழுமைக்கும் உரியது. 1994-இல் வின்சென்ட் டி’சூசா தொடங்கிய ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ ஒரு பேட்டைக்கே உரியது. அடையாறு, அண்ணா நகர், மாம்பலம் ஆகியவற்றின் பெயர் தாங்கியும் வார இதழ்கள் வந்தன. வீட்டு வாயிலில் விலையின்றிப் போடப்பெற்ற தாள்கள் இவை.

விலையின்றிக் கொடுத்து எவ்வாறு நடத்தினர்? கணிப்பொறியில் பக்கம் அமைக்கும் முறை பரவியமையால், ஈயவெழுத்தும் அச்சுக் கோப்பாரும் இன்றியே சிறு குழுவொன்று இதழை ஆக்க முடிந்தது. இஃது ஒரு காரணம். இதனினும் பெரிய காரணம் தெருமுனைக் கடைக்காரர். லஸ் முனையில் தையற்கடை வைத்திருப்பவருக்குச் செங்கல்பட்டு வாசகரால் என்ன பயன்? நாளிதழின் விளம்பரக் கட்டணம் அவர் எட்டாத உயரத்திலிருந்தது; பேட்டை இதழின் கட்டணமோ அவர் கைக்கு அடங்கியது. சமையல் ஒப்பந்தக்காரர், தனிப் பயிற்சி ஆசிரியர், பாட்டுக் கற்பிக்கும் அம்மையார், வீடு வாடகைக்கு விடுவோர் ஆகியோர் கொடுத்த சிறு தொகைகளே பெருந்தூணாயின.

அந்த விளம்பரங்களை நான் செய்திகளினும் விரும்பிப் படிப்பதுண்டு. ஒரு பகுதியில் வீட்டு வாடகை எப்படி ஏறிற்று, எந்த ஆண்டில் தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுந்தன என்பவற்றை நாளை எழுதப்போகும் வரலாற்றாசிரியனுக்கு அவற்றினும் நேரான சான்று கிடைப்பது அரிது. சைவ உணவினருக்கு மட்டுமே வீடு என்னும் ஒற்றை வரியில், ஒரு தெரு யாரை உள்ளே விட்டது, யாரை விடவில்லை என்பதும் பதிவாகிவிடுகிறது. இங்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். பெயர் பெற்ற இவ்விதழ்களுட் பல ஆங்கிலத்தில் வந்தன. கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவையும் மார்கழிக் கச்சேரிப் பட்டியலையும் மயிலாப்பூர்த் தமிழன் ஆங்கிலத்தில் படித்தறிந்தான் என்பது எனக்கு உவப்பானதன்று. விளம்பரம் கொடுப்போரின் வாடிக்கையாளர் ஆங்கிலம் படிப்போர் என்ற கணக்கு இதன் பின்னணியிலிருந்திருக்கலாம். அதே பேட்டையின் குப்பங்களில் வாழ்ந்த மீனவர் இவ்விதழைப் புரட்டியிருக்க மாட்டார். கோட்டைக் காலத்து வட்டம் வேறுருவில் மீண்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

எனினும் அவை ஆற்றிய தொண்டு சிறிதன்று. முத்தையா, டி’சூசா, சசி நாயர் ஆகிய மூவரும் 2004-இல் தொடங்கிய சென்னை நாள் விழா, 1639 ஆகஸ்டு 22-ஐ நகரம் நினைவுகூரும் வழக்கத்தை உண்டாக்கிற்று. மாட வீதியில் பெண்டிர் கூடிக் கோலமிடும் மயிலாப்பூர் விழாவும் அவ்விதழ்க்காரரின் முயற்சியிலேயே வளர்ந்தது.

பின்னர்க் கைப்பேசி வந்தது. தெருவில் மின்தடை என்பதை அறிய வார இறுதிவரை காத்திருப்பார் எவரும் இலர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது செய்தித்தாளைக் கையால் தொடவும் மக்கள் அஞ்சினர். மும்பையில் நாளிதழ்களே சில நாள் வீடுகளுக்கு வரவில்லை. கடைக்காரரின் விளம்பரத்தை நம்பி வாழும் இதழுக்கு, கடைகள் அடைபட்ட திங்கள்கள் எத்தகையனவாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதழ் நின்றுபோதலைவிட, வந்த இதழ் அழிந்துபோதலே எனக்குப் பெருங்கவலை. விலை கொடுத்து வாங்கிய தாளையே அலமாரித் தட்டில் விரிக்கிறோம். விலையின்றி வந்ததை யார் கட்டிவைப்பார்? நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைக் கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா, மும்பை, தில்லி ஆகிய நான்கு பொது நூலகங்களுக்கு அளிக்க வேண்டுமென 1954-இல் சட்டம் இயற்றினர். 1956-இல் செய்தித்தாள்களையும் அதில் சேர்த்தனர். நல்ல சட்டந்தான். ஆயினும் எட்டுப் பக்கத் தாள் ஒரு நூலகத்தின் வாயிலை அடைவது வேறு; வாரந்தவறாமல் அடுக்கிக் கட்டடம் செய்யப்பெற்று, ஐம்பது ஆண்டு கழித்து ஒருவன் கேட்கும்போது கையில் கிடைப்பது வேறு.

என்னிடம் எஞ்சியிருந்தவை முப்பத்தேழு இதழ்கள். தமக்கையார் இப்போது இல்லை. அவர் கையால் மடித்த மடிப்பு அத்தாள்களில் இன்னும் இருக்கிறது. சென்ற திங்கள் அவற்றை நீவிச் சங்க நூலகத்தின் இரண்டாம் அலமாரியில் வைத்திருக்கிறேன். இடையிடையே பல வாரங்கள் இல்லை. அன்பர்கள் தத்தம் வீட்டுப் பரண்களில் தேடி, எந்தப் பேட்டையின் இதழாயினும், எண்ணெய்க் கறையோடேனும், கொண்டுவந்து சேர்ப்பாராக. ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் நான் நூலகத்தில் இருப்பேன்.