அடிமை முறை ஒழிப்பு தினம்: நேட்டால் ஒப்பந்தக் கூலிகளும் சித்தூர், திருப்பதியும்

அடிமை முறை ஒழிப்புக்கான சர்வதேச தினம் ஆண்டுதோறும் டிசம்பர் 2-ஆம் தேதி கடைப்பிடிக்கப்படுகிறது. அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்த பின்னர், தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து சென்றவர்களில் ஆந்திர பிரதேசத்தின் இன்றைய சித்தூர், திருப்பதி உள்ளிட்ட பகுதிகளைக் கொண்டிருந்த வட ஆற்காடு மாவட்டத்தினரும் உண்டு.

அடிமை ஒழிப்புச் சட்டம் பிரிட்டிஷ் பேரரசில் 1834-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கிழக்கிந்திய கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு அது பொருந்தவில்லை. 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டமே இந்தியாவில் அடிமை நிலைக்கான சட்ட அங்கீகாரத்தை நீக்கியது. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு மாற்றாக ஆட்களைத் தேடிய தோட்ட முதலாளிகளுக்கு ஒப்பந்தக் கூலி முறை கைகொடுத்தது. பின்னர் அம்முறை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது.

சென்னையிலிருந்து டர்பனுக்கு

1860 அக்டோபர் 12-ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது. 1911 வரை சுமார் 1.52 லட்சம் பேர் சென்னை, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக நேட்டால் சென்றனர். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவது தண்டனைக்குரிய குற்றம்.

கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவை குறிக்கப்பட்டன. சித்தூர் மாவட்டம் உருவானது 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி. நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றதும் அதே ஆண்டில்தான். ஆகவே, பூர்விகம் தேடும் இன்றைய சந்ததியினர் இப்பகுதி ஊர்களை வட ஆற்காடு என்ற பெயரின் கீழேயே தேட வேண்டியுள்ளது. திருப்பதி அப்போது சந்திரகிரி வட்டத்தில் இருந்தது.

மூன்று பவுண்டு வரி

உழைப்புக்கான ஊதியத்தைக் குறிக்கும் 'கூலி' என்ற சொல், தென்னாப்பிரிக்காவில் இந்தியர் அனைவரையும் இழிவுபடுத்தும் வசைச்சொல்லானது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க விரும்புவோர் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி செலுத்த வேண்டும் என 1895-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வரி கட்ட இயலாதவர்கள் மீண்டும் ஒப்பந்தத்தில் சேரவோ, தாயகம் திரும்பவோ நேர்ந்தது.

இவ்வரிக்கு எதிராக 1913-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களும் காந்தி தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1914-இல் வரி ரத்தானது. ஆயினும், இனப் பாகுபாடற்ற வாக்குரிமை தென்னாப்பிரிக்காவில் 1994 தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம்

இந்தியாவில் கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் நிறைவேற்றப்பட்டு, 1975 அக்டோபர் 25 முதல் செல்லுபடியானது. இதன்படி, கொத்தடிமைத் தொழிலாளியின் கடன் முற்றிலும் ரத்தாகிறது. மீட்கப்பட்டவர்களுக்கு மாவட்ட நிர்வாகம் விடுதலைச் சான்றிதழ் வழங்குகிறது. அன்று கப்பல் பதிவேடு ஒருவரின் ஒப்பந்தத்துக்குச் சான்றாக இருந்தது. இன்று அவர் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர் என்பதற்கு இச்சான்றிதழே சான்று.