ஒலிவ மலையின் சிற்றாலயம்: வக்ஃபின் நிழலில் பல சபைகள்

ஜெரூஸலத்தின் பழைய நகருக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் ஒலிவ மலையை அரபு மக்கள் ஜபலுஸ் ஸைத்தூன் என்றும் ஜபலுத் தூர் என்றும் அழைப்பர். அதன் உச்சியில், இன்று நகரோடு கலந்துவிட்ட அத்தூர் என்னும் பழைய கிராமத்தில், எண்கோண வடிவில் ஒரு சிறு கட்டடம் உள்ளது. ஈஸா நபி (அலை) விண்ணுக்கு உயர்த்தப்பட்ட இடம் இதுவெனக் கிறிஸ்தவ மரபு கருதுகிறது. இடத்தின் உரிமை முஸ்லிம்களின் வக்ஃபைச் சார்ந்தது. ஆண்டுதோறும் அங்கே விழாக் கொண்டாடுவோரோ பல கிறிஸ்தவ சபையினர். இவ்வேற்பாடு உருவான விதமும் நிலைத்த காரணமும் ஆராயத்தக்கவை.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு முதல் ஆலயம் எழுந்தது. கி.பி. 614இல் நிகழ்ந்த பாரசீகப் படையெடுப்பில் சேதமுற்று, பின்னர் செப்பனிடப்பட்டது. இஸ்லாமிய ஆட்சியின் தொடக்க காலத்தில், ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஆர்குல்ஃப் என்னும் கிறிஸ்தவப் பயணி, நடுவில் கூரையின்றி வானம் நோக்கித் திறந்திருந்த வட்ட வடிவ ஆலயத்தைக் கண்டதாகக் கூறியுள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிலுவைப் போராளிகள் அதனைப் புதுப்பித்தனர். தூண்களும் வளைவுகளும் கொண்ட இன்றைய எண்கோணம் அவர்கள் காலத்தது.

1187இல் (ஹிஜ்ரி 583) ஸலாஹுத்தீன் அய்யூபி நகரை மீட்ட பின்னர் இவ்விடம் முஸ்லிம்களின் உடைமையாயிற்று. 1198ஆம் ஆண்டளவில் அவரைச் சார்ந்த இருவரின் பொறுப்பில் வக்ஃபாக அமைந்தது. திறந்திருந்த வளைவுகள் சுவரால் அடைக்கப்பட்டன; மேலே குவிமாடம் எழுந்தது; தென்புறத்தில் மிஹ்ராப் அமைந்தது. வென்றவர் கைக்கு வழிபாட்டிடம் மாறுவது அக்கால வழக்கம். சிலுவைப் போராளிகளும் அதையே செய்திருந்தனர். இவ்விடத்தின் தனித்தன்மை அதன் பிறகே தொடங்குகிறது. தொழுகைக்கென அருகிலேயே தனிப் பள்ளிவாசல் எழுந்தது. சிற்றாலயம் கிறிஸ்தவ யாத்திரிகர்களுக்குத் திறந்து விடப்பட்டது.

உயிர்ப்புப் பெருநாளிலிருந்து நாற்பதாம் நாளான வியாழக்கிழமை விண்ணேற்ற விழா. அன்று இலத்தீன் சபையினர் உள்ளே பலிபீடம் அமைத்து வழிபடுவர். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனிய, காப்டிக், சிரிய சபைகளுக்குச் சுற்றுமதிலையொட்டி முற்றத்தில் தனித்தனி இடங்கள் உண்டு. அவர்களுடைய கூடாரங்களைக் கட்டுவதற்கான கொக்கிகள் மதிலில் பதிக்கப்பட்டுள்ளன. கீழைச் சபைகள் ஜூலியன் நாட்காட்டியின்படி கணக்கிடுவதால் அவர்களது விழாநாள் பெரும்பாலும் இலத்தீன் சபையினரின் நாளிலிருந்து வேறுபடும். ஆக, நாளும் இடமும் பகுக்கப்பட்டிருப்பதால் மோதலுக்கு வாய்ப்புக் குறைகிறது.

புனிதத் தலங்களைப் பற்றிச் சபைகளிடையே நிலவிய பூசல்களை அடக்க உதுமானிய சுல்தான் அப்துல் மஜீத் 1852இல் பிறப்பித்த ஃபர்மான், இருக்கும் நிலையே தொடர வேண்டும் என ஆணையிட்டது. 1878இன் பெர்லின் உடன்படிக்கை அதனை உறுதி செய்தது. பிரித்தானிய ஆட்சியின்போது 1929இல் கஸ்ட் என்னும் அதிகாரி தொகுத்த அறிக்கையிலும் இந்நிலைக்கு உட்பட்ட தலங்களுள் ஒன்றாக இவ்விடம் இடம்பெற்றது.

இங்கே கொள்கை வேறுபாடு சிறிதன்று. ஈஸா நபி சிலுவையில் அறையப்படவில்லை, அல்லாஹ் அவரைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 157, 158ஆம் வசனங்கள் தரும் போதனை. உயிர்த்தெழுந்த பின்னரே விண்ணேறினார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அச்சபைகளுக்குள்ளும் நூற்றாண்டுகள் பழைமையான பிணக்குகள் உள்ளன. இவற்றுள் எதுவும் தீர்க்கப்படாமலேயே வழிபாடு தொடர்ந்து வந்திருக்கிறது.

உடைமை ஒருவருக்கும் வழிபாட்டு உரிமை பலருக்கும் என்ற பகுப்பு தெளிவாக இருந்ததே இதற்குக் காரணம். அத்தெளிவைப் பேணியது வக்ஃபு. வக்ஃபு என்பது அமானிதம். அதன் பொறுப்பாளர் அதற்கு எசமானர் அல்லர். பிறர் வழிபடும் இடத்தின் சாவியைக் கையில் வைத்திருப்போர்க்கு அச்சாவி கதவைப் பூட்டுவதற்கு மட்டும் உரியதன்று, உரிய நாளில் திறந்து விடுவதற்கும் உரியது என்பதே ஒலிவ மலையின் இச்சிறு கட்டடம் உணர்த்தும் பாடம். வழிபாட்டிடங்களின் உடைமை குறித்து வழக்குகளும் கலவரங்களும் மலிந்த காலத்தில் இதனை நினைவிற் கொள்வது நம் கடமையாகும்.