செம்மறியில் மீயொலி இறைச்சி மதிப்பீடு

ஆட்டை அறுக்காமலே அதன் உடலில் தசையும் கொழுப்பும் எவ்வளவு என்று மீயொலி ஸ்கேன் கருவியால் அளந்தறியும் முறை இது. 1950களில் அமெரிக்காவில் கறிமாடுகளில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் 'லேம்ப்பிளான்' திட்டம் இதைச் செம்மறி இனவிருத்தியின் அன்றாட வேலையாக்கியது.

செம்மறிக்கு 13 இணை விலா எலும்புகள் உண்டு. 12, 13ஆம் விலாக்களுக்கு நடுவே, முதுகெலும்பை ஒட்டிய இடத்தில் மயிரைக் கத்தரித்து, கூழ்மமோ சமையல் எண்ணெயோ தடவி, உணர்முனையை வைப்பார்கள். பெரும்பாலும் 3.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அலை பயன்படும். தோல், கொழுப்பு, தசை, எலும்பு ஒவ்வொன்றின் எல்லையிலும் ஒலி எதிரொலித்து, முதுகுத்தசையின் ஆழமும் அதன்மேல் படிந்த கொழுப்பின் தடிமனும் திரையில் தெரியும். மயிரிடையே காற்று நின்றால் படம் விழாது. உணர்முனையை அழுத்தினால் கொழுப்பு மெலிந்து காட்டும். ஆடு முதுகை வளைத்தாலும் அளவு மாறும்.

சந்தையில் முதுகைத் தடவியே கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடும் வியாபாரிக்கு இக்கருவி தேவையில்லை. இதன் உண்மையான பயன் பொலிகிடாத் தேர்வில்தான். அறுத்துப் பார்த்த கிடா பிறகு குட்டி தராது. முன்பு அதன் குட்டிகளை வளர்த்து அறுத்தே தகப்பனின் தரத்தை அறிய வேண்டியிருந்தது. ஸ்கேன் அந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துக்கு இந்தத் தேர்வு முறை பொருந்தும். அங்குள்ள செண்பகத்தோப்பை ஒட்டிய காடு 2021 முதல் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் கால்நடை மேய்ச்சலை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடைசெய்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கும்போது தலைக்கணக்கைக் கூட்டுவதைவிட, ஓர் ஆட்டின் கறியைக் கூட்டுவதே நல்ல வழி.

ஆனால் மேலைநாட்டு அளவுகோலை அப்படியே எடுக்கக் கூடாது. இவ்வட்டாரத்துக்குக் கிழக்கே கரிசலில் மேயும், வெள்ளை உடலில் செந்திட்டுகள் கொண்ட வெம்பூர் ஆடு போன்ற நம் மயிரின ஆடுகளுக்குத் தோலடிக் கொழுப்பு மிகக் குறைவு. கொழுப்பு வயிற்றுக்குள்ளேதான் அதிகம் சேரும். சில மில்லிமீட்டர்கூட இல்லாத படிவை அளந்து கிடாக்களைத் தரம்பிரிப்பது வீண். இங்கே நம்பத்தக்கது தசை ஆழம்.

அதற்கும் ஒரு முன்தேவை உண்டு. ஒரே வயதில், ஒரே தீவனத்தில் வளர்ந்த குட்டிகளையே ஒப்பிட வேண்டும். அளவை உயிர் எடைக்கேற்பச் சரிசெய்ய வேண்டும். பல கிடாக்கள் கலந்து திரியும் கிடையில் எந்தக் குட்டிக்கு எது தகப்பன் என்பதே தெரியாது. காது வில்லையும், பிறந்த நாளும் தாய் தகப்பனும் குறித்த பதிவேடும் ஸ்கேனுக்கு முன்பே வந்தாக வேண்டும்.