சாணைக்கல்லும் தண்ணீரும்: ஒரு சிறு வரலாறு

குற்றாலத்தில் ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் துணி காய்வது பெரும்பாடு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று தென்காசி வரை ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும். கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளானாலும் நசநசவென்றே இருக்கும். கத்தி, அரிவாள் தீட்டும் கல்லுக்கும் இதே கதிதான். மேலே தொட்டால் காய்ந்தது போல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பகுதியில் கார் நெல் வளர்வதே அந்தச் சாரல் மாதங்களில்தான். இயந்திரங்கள் வரும் முன்பு, அறுவடைக்குள் வீட்டில் உள்ள அரிவாள்கள் எல்லாம் பதமாக இருந்தாக வேண்டும். அதற்குக் கல் நல்ல நிலையில் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் இந்தக் கல் வேலை செய்யாது. அதே தண்ணீரை முறையாக உலர்த்தாவிட்டால் கல்லே கெட்டுப்போகும். தீட்டும் கல்லின் வரலாறு முழுவதும் இந்தச் சிக்கல் கூடவே வருகிறது.

கல்லைத் தீட்டிய கல்

இரும்பு வருவதற்கு முன்பே தீட்டும் வேலை வந்துவிட்டது. புதிய கற்கால மக்கள் கற்கோடரியை வழவழப்பாகத் தேய்த்துக் கூராக்கினார்கள். பாறையில் மணலும் தண்ணீரும் போட்டு மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். அப்படித் தேய்த்துத் தேய்த்து விழுந்த பள்ளங்களைக் கர்நாடகத்தில் பெல்லாரி அருகே சங்கனகல்லு மலைப் பகுதியில் இன்றும் காணலாம். தமிழ்நாட்டில் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இத்தகைய வழவழப்பான கற்கோடரிகள் கிடைத்தன. அந்தப் பாறைகளை யாரும் உலர்த்த வேண்டியதில்லை. வெயிலும் காற்றும் பார்த்துக்கொண்டன.

இரும்பு வந்த பிறகு

குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அந்த ஆற்றோடு இன்னும் கீழே போனால் ஆதிச்சநல்லூர். அங்கே 1899-ம் ஆண்டு தொடங்கி அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் இரும்பு வாள்களும் ஈட்டிகளும் குறுவாள்களும் ஏராளமாகக் கிடைத்தன. அதற்கு அருகிலுள்ள சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, தமிழகத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. இந்தக் காலக்கணிப்பு பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் ஒன்று உறுதி. இரும்பு இருந்த இடத்தில் தீட்டும் கல்லும் இருந்தாக வேண்டும். தீட்டாத வாள் வெறும் இரும்புப் பட்டைதான்!

15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டினார். கருங்கல்லைச் செதுக்கும் உளி ஒரே நாளில் பலமுறை மழுங்கும். அதைக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து, பிறகு கல்லில் தேய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். எனவே கல்தச்சர் வேலை செய்யும் இடத்தில் கொல்லருக்கும் இடம் உண்டு. கோயிலைப் பார்க்கிறவர்களுக்குச் சிற்பம் தெரியும், தேய்ந்துபோன தீட்டுக்கல் தெரியாது.

கல் இல்லாமலும் தீட்டலாம்

"தீட்டிய மரத்திலேயே கூர் பார்க்காதே" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். ஆனால் கத்தியைக் கல்லில்தானே தீட்டுவார்கள், மரம் எங்கே வந்தது? பனையேறுகிறவர்கள் பாளை சீவும் அரிவாளை மரக்கட்டையில்தான் தீட்டுவார்கள். வெள்ளைக்கல்லை (வெங்கச்சங்கல்) பொடித்துக் கட்டையின் மேல் தூவி, அதில் அரிவாளை இழுப்பார்கள். வேலை செய்வது பொடி, அதைத் தாங்குவது மரம். ஊறப்போடவும் வேண்டாம், உலர்த்தவும் வேண்டாம்.

உலகம் சுற்றிய தமிழ்ச் சொல்

வெங்கச்சங்கல்லின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. வைரம் 10. இரண்டுக்கும் நடுவே 9-ல் நிற்பது குருந்தம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் அழகான வகைகளே. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி போன்ற இடங்களில் இது கிடைக்கிறது. குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கோடு கலந்து, வட்டமாக வார்த்தால் சாணைச் சக்கரம் தயார். ஒருவர் வாரை முன்னும் பின்னும் இழுத்துச் சக்கரத்தைச் சுழற்ற, இன்னொருவர் கத்தியைப் பிடிப்பார்.

இந்தக் கல் ஐரோப்பியர்களின் கண்ணில் பட்டது. 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆங்கிலத்தில் இதன் பெயர் "கொரண்டம்". இது தமிழின் "குருந்தம்" என்ற சொல்லிலிருந்து வந்ததாகவே ஆங்கில அகராதிகள் கூறுகின்றன.

கதை இதோடு முடியவில்லை. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கி, மிகக் கடினமான ஒரு பொருளை உண்டாக்கினார். அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து "கார்போரண்டம்" என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. கணிப்பு தவறு, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது! 1954-ல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து போன சொல் ஒரு தொழிற்சாலைப் பெயராக ஊர் திரும்பியது.

தண்ணீர் எதற்கு? உலர்த்துவது எப்படி?

தீட்டும்போது இரும்புத் துகள் கல்லின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அதைக் கழுவிவிடும். சக்கரத்தில் பிடிக்கும்போது சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விடும். தண்ணீர் அதையும் தடுக்கும்.

வேலை முடிந்த பிறகுதான் தவறுகள் நடக்கின்றன.

கல்லைத் தொட்டியில் பாதி மூழ்கிய நிலையில் விட்டுவிடக் கூடாது. மணற்கல் சக்கரமாக இருந்தால் மூழ்கிய பக்கம் மென்மையாகி வேகமாகத் தேயும். சக்கரம் வட்டம் தவறிவிடும். செயற்கைச் சக்கரத்திலும் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி, சுற்றும்போது எடை ஒருபக்கமாக இழுக்கும். அது ஆபத்து.

சீக்கிரம் காயட்டும் என்று வெயிலிலோ அடுப்போரத்திலோ வைக்கக் கூடாது. வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், கல் வெடிக்கும். அரக்குச் சாணை என்றால் சூட்டில் இளகிவிடும்.

ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தால் பூசணம் பிடிக்கும். தண்ணீர்க் கல்லில் எண்ணெய் விட்டாலும் வீண்தான். பிறகு அது தண்ணீரை உறிஞ்சாது. இப்போது விற்கும் எல்லாக் கற்களையும் ஊறவைக்கவும் கூடாது. மெக்னீசியா சேர்த்துச் செய்யப்பட்டவை நெடுநேரம் ஊறினால் பலவீனமாகிவிடும்.

சரியான முறை எளியது. சேற்றைக் கழுவிவிட்டு, கல்லைப் படுக்கப்போடாமல் விளிம்பில் நிறுத்தி, அடியில் இரண்டு குச்சி கொடுத்து, நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். சாரல் காலத்தில் கூடுதலாக ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். நடுவில் குழி விழுந்தால் சமமான கல்லின் மேல் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து மட்டம் செய்யலாம். கற்கால மனிதன் கோடரிக்குச் செய்த அதே வேலைதான் இது!

மறையும் தொழில்

கத்திக்குச் சாணை பிடிக்கக் குரல் கொடுத்துக்கொண்டு தெருவில் வருபவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். மழுங்கிய கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவது எளிதாகிவிட்டது. அவர்களோடு போவது ஒரு பிழைப்பு மட்டுமல்ல. எந்தக் கல்லுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நிழல் என்ற கைப்பழக்கமும் சேர்ந்தே போகிறது. அது புத்தகத்தில் எழுதிவைக்கப்பட்ட அறிவு அல்ல.

தேய்வது கல்லின் இயல்பு. ஒழுங்காகத் தேய்ந்தால் ஒரு கல் பல ஆண்டுகள் உழைக்கும். அவசரமாக உலர்த்தினால் ஒரே நாளில் இரண்டாகிவிடும். குருந்தம் என்ற பெயரை உலகத்துக்குக் கொடுத்த ஊர்க்காரர்கள் இதையாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.