சங்கு ஊதிய ஊர்

சென்னைக்கு ஏன் வந்தீர்கள் என்று நம் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: வேலை. ஆனால் இந்த ஊரில் வேலை என்பதன் பொருள் பலமுறை மாறியிருக்கிறது. ஊர் எதற்காக இருக்கிறது என்பதும் கூடவே மாறியது. அதைப் பார்க்கப் பெரம்பூர் பக்கம், பின்னி மில் இருந்த இடத்துக்குப் போனால் போதும்.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பிடித்ததே துணி வாங்கி ஏற்றுமதி செய்யத்தான். அப்போது ஒழுங்கான துறைமுகம்கூடக் கிடையாது. மூட்டைகளைப் படகில் ஏற்றி, தள்ளி நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். துணி போதாமல் போகவே 1734-ல் நெசவாளர்களைக் கூட்டிவந்து குடியமர்த்திய ஊர்தான் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள். அங்கே வீடும் பட்டறையும் ஒன்றுதான். தெருவில் பாவு போட்டு, திண்ணைக்குப் பின்னால் தறி ஓட்டினார்கள்.

பிறகு இங்கிலாந்தின் ஆலைத் துணி இங்கே வந்து குவிந்தது. கைத்தறி தளர்ந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. 1876-ல் பக்கிங்காம் மில்லும் அடுத்த சில ஆண்டுகளில் கர்நாட்டிக் மில்லும் எழுந்தன. இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. 1920-ல் இரண்டும் ஒன்றாகி பி அண்ட் சி மில் ஆயின. சாயம் போகாத காக்கித் துணிக்குப் பேர்போன மில் அது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது. நம்மில் மூத்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட அரைக்கால் சட்டையும் பலருக்கு அங்கே நெய்ததுதான்.

இப்போது ஊர் வேறு காரியத்துக்கு ஆகிவிட்டது: ஆயிரக்கணக்கான ஆட்களை ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, சூளை என்று நடந்துபோகிற தூரத்திலேயே ஆட்கள் குடியிருந்தார்கள். சங்கு ஊதினால் விழிப்பு, சங்கு ஊதினால் ஓட்டம்.

அப்படி ஒரே இடத்தில் சேர்த்ததில் முதலாளிகள் எதிர்பாராத விளைவும் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்று, மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் தொழிலாளர்கள் குறைப்பட்டார்கள். அந்தப் பேச்சு வளர்ந்து, 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூடவே நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கம்பெனி வாடியா மீது வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் வாங்கியது. சங்கம் நடத்துகிறவருக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பும் இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்கே உறைத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு இந்த வழக்கு முக்கியக் காரணம். எல்லாமே பெருமைக்குரிய கதை இல்லை. 1921-ல் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தம் சாதி வழியாகப் பிளந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன.

மில் 1996-ல் மூடப்பட்டது. பழைய இயந்திரம், விசைத்தறிப் போட்டி, கடன் என்று காரணங்கள் பல சொல்லலாம். நான் முக்கியமாக நினைப்பது வேறு: ஊருக்கு நடுவே கிடந்த அந்த நிலத்தின் மதிப்பு, அதில் நெய்கிற துணியின் மதிப்பை எப்போதோ தாண்டிவிட்டது. காலி மில்லில் கொஞ்ச காலம் சினிமா சண்டைக்காட்சிகள் எடுத்தார்கள். இப்போது அங்கே நம்முடையதைப் போன்ற அடுக்குமாடிகள்.

உற்பத்தி ஒழிந்துவிடவில்லை, வெளியே போனது. 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை ஊரின் ஓரமாக இருந்தது. இன்று அது நடு ஊர், அங்கும் கண்ணாடிக் கட்டடங்கள். கார் தொழிற்சாலைகள் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் போயின. 2000-ல் டைடல் பார்க் திறந்தபிறகு ஊருக்கு வந்த புது வேலை, செய்வது அல்ல. திட்டமிடுவது, கணக்குப் பார்ப்பது, நிரல் எழுதுவது. தொழிலாளி விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஊரைவிட்டு வெளியே போகிறார். மேலாளர் ஊருக்குள் வருகிறார். நடந்துபோகிற தூரத்தில் வேலையும் வீடும் என்பது போயே போய்விட்டது. மில்லை நம்பிப் பக்கத்திலேயே குடியிருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, அதே நிலத்தில் எழுந்த வீட்டை வாங்க வழியில்லை. அங்கே காவலுக்கோ வீட்டு வேலைக்கோ போகலாம், அவ்வளவுதான்.

2020-க்குப் பிறகு நம்மில் பலர் படுக்கையறை மூலையிலேயே ஆபீஸ் நடத்துகிறோம். ஜெனரேட்டர் எத்தனை நிமிடத்தில் ஓட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் நடக்கிற சண்டைகூட இதனால்தான். சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர் இதைப் பார்த்தால் சிரிப்பார்.

நம் குடியிருப்பில் பின்னி மில்லில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் இருக்கலாம். பழைய சம்பளச் சீட்டோ யூனியன் அட்டையோ பெட்டியில் கிடந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறோம்; அடுத்த இதழில் போடலாம்.